கையெழுத்துப் போட்டது தப்பா, டாக்டர்?

கேள்வி: நான் திண்டுக்கல் மாவட்டத்தில் மினி லாரி ஓட்டுகிறேன். நான்கு மாதத்துக்கு முன் என் மனைவிக்கு 31-வது வாரத்திலேயே ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. எடை 1 கிலோ 320 கிராம். மூச்சு வாங்கியதால் உடனே குழந்தைகள் ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள். அன்று ராத்திரி ஒரு டாக்டர் வந்து, மூக்கு வழியாகக் காற்றுக் கொடுக்க இப்போதுள்ள குட்டைக் குழாய் நல்லதா, மெத்தென்று நீளமாக இருக்கும் புதுக் குழாய் நல்லதா என்று ஆய்வு நடக்கிறது, சம்மதமா என்று கேட்டார். மனைவிக்கு மயக்கம் தெளியவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். கம்ப்யூட்டர் புதுக் குழாயைத் தேர்ந்தெடுத்தது. மறுநாள் மதியம் மூச்சுத் திணறல் கூடியது, பழைய குழாய்க்கு மாற்றினார்கள். அதில் மூக்கு நுனி சிவந்து புண்ணாகி, பிறகு ஆறியது. 34-ம் நாள் வீட்டுக்கு வந்தோம். இப்போது 4 கிலோ 600 கிராம், நன்றாகச் சிரிக்கிறாள். ஆனால் லேசாகச் சளி பிடித்தால்கூட, "கையெழுத்துப் போட்டு புள்ளைய எலி மாதிரி சோதனைக்குக் குடுத்துட்டீங்களே" என்கிறார் மாமியார். மனைவி ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் அதிகமாக வலிக்கிறது. இதையெல்லாம் பொம்மையில் சோதித்துப் பார்க்கக் கூடாதா? டாக்டர் முடிவு செய்யாமல் கம்ப்யூட்டர் எதற்கு? நான் செய்தது தப்பா?

பதில்:

தம்பி, தப்பில்லை. நான்கு மாதமாகக் காத்திருக்கிறீர்கள், அதனால் அதை முதலில் சொல்லிவிட்டேன். அந்த ராத்திரி உங்களிடம் கேட்ட முறை சரியா என்பது வேறு விஷயம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் மகளுக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம். காய்கறிக் கடையில் கொடுக்கும் மெல்லிய கேரி பேக் ஈரமாகிவிட்டால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு திறக்கவே வராது. விரலால் தேய்த்து, வாயால் ஊதி, ஒரு பாடு பட வேண்டும். குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுப் பைகளும் அப்படித்தான். நிறைமாதக் குழந்தைக்கு அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சோப்புத் தண்ணீர் போல வேலை செய்யும் சர்ஃபாக்டன்ட் என்ற திரவம் உள்ளே சுரந்திருக்கும். 31 வாரத்தில் அது போதாது. மூச்சை வெளியே விட்டதும் பைகள் ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த மூச்சுக்கு அவற்றைப் பிரித்துத் திறக்க மறுபடியும் அதே பாடு. நிமிடத்துக்கு எழுபது எண்பது முறை இப்படி இழுத்தால் ஒன்றேகால் கிலோ உடம்பு எத்தனை நேரம் தாங்கும்?

இதற்குத்தான் சி-பேப். பைகள் முழுக்க மூடிவிடாதபடி கொஞ்சம் காற்றழுத்தத்தை எப்போதும் உள்ளே நிறுத்தி வைப்பது. மூச்சு விடுவது குழந்தைதான். இது கதவு சாத்திக்கொள்ளாமல் குழவிக்கல்லை முட்டுக்கொடுப்பது மாதிரி. குமிழி சி-பேப்பில் காற்று வெளியேறும் குழாயின் முனையைத் தண்ணீருக்குள் முக்கி வைப்போம். 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 5 செ.மீ. தண்ணீர் அளவு அழுத்தம், 6 செ.மீ. என்றால் 6. எங்கள் வார்டில் ரவுண்ட்ஸ் தொடங்கியதும் முதல் கேள்வியே "குமிழி வருதா சிஸ்டர்?" என்பதுதான். குமிழி நின்றால் எங்கேயோ காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு 34 வாரத்தில் பிறந்த மகன் பேட்ரிக், இதே நோயால் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். எடை 2 கிலோ 100 கிராம், உங்கள் மகளைவிட முக்கால் கிலோ அதிகம். பாஸ்டனில் உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில்கூட வைத்துப் பார்த்தார்கள். உலகத்தில் எதை வேண்டுமானாலும் வரவழைக்கக்கூடிய அப்பாவாலும் முடியவில்லை. எட்டு வருஷம் கழித்து, 1971-ல், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 20 குழந்தைகளுக்கு இந்தத் தொடர் அழுத்தத்தைக் கொடுத்து, 16 பேர் பிழைத்ததை எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தொண்டைக்குள் குழாய் இறக்கித்தான் அழுத்தம் கொடுத்தார்கள். மூக்கில் வைக்கும் குட்டைக் குழாய் அதற்குப் பிறகு, ஓரிரு வருஷத்தில் வந்தது.

அன்றிலிருந்து ஐம்பது வருஷமாக எங்கள் மல்லுக்கட்டு முழுக்க மூக்கோடுதான்.

குழாய் தளர்வாக இருந்தால் காற்று ஒழுகும், அழுத்தம் நுரையீரலுக்குப் போய்ச் சேராது. இறுக்கமாக இருந்தால் இரண்டு துளைக்கும் நடுவில், புல்லாக்குத் தொங்கவிடும் அந்த இடத்துத் தோல் அழுந்திப் புண்ணாகும். குறைமாதக் குழந்தைக்கு அந்த இடம் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து மருத்துவமனையில், மூக்கு சி-பேப்பில் இருந்த 989 குழந்தைகளைக் கவனித்ததில் 42.5 சதவீதம் பேருக்கு மூக்கில் ஏதோ ஒரு காயம் வந்திருந்தது. பெரும்பாலும் வெறும் சிவப்பு. ஆனால் சிலருக்குப் புண், ஒரு சிலருக்குத் திசுவே கருகிப்போனது. இவ்வளவும் வசதியுள்ள ஊரில்.

இப்போது மாமியாரிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் வருகிறது. உங்கள் மகளுக்கு மூக்கு புண்ணானது பழைய குழாயில். நீங்கள் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தாலும் அவளுக்கு வைத்திருக்கக்கூடிய குழாய் அதுதான். புதுக் குழாயை ஒருவர் செய்ததற்குக் காரணமே அந்தப் புண்தான்.

மெத்தென்று நீளமாக இருந்தால் மூக்கு பிழைக்கும். ஆனால் சும்மா கிடைக்காது. இளநீரைத் தடித்த ஸ்ட்ராவில் உறிஞ்சுவதற்கும் மெல்லிய ஸ்ட்ராவில் உறிஞ்சுவதற்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். காற்றுக்கும் அதே கணக்கு. சீரான ஓட்டத்தில் குழாயின் உள் அகலம் பாதியானால் தடை பதினாறு மடங்கு ஆகிறது. நீளம் கூடினால் அதற்கும் தனித் தடை. ஆக, இந்தப் பக்கம் 6 செ.மீ. அழுத்தம் வைத்தால் மூக்குக்குள் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி.

பொம்மையில் சோதிக்கக் கூடாதா என்று கேட்டீர்கள். சோதிக்கிறோம். அங்கேதான் ஆரம்பமே. குழந்தையின் மூக்கு, தொண்டை அளவுக்கு முப்பரிமாண அச்சில் மாதிரி செய்து, பின்னால் செயற்கை நுரையீரலைப் பொருத்தி, உள்ளே அழுத்தமானி வைத்துப் பார்ப்பார்கள். குழாயில் எவ்வளவு அழுத்தம் வீணாகிறது, ஒழுகல் கூடும்போது என்ன ஆகிறது, காற்றின் ஈரம் போதுமா, வெளிவிட்ட காற்றே திரும்ப உள்ளே போகிறதா, சத்தம் எவ்வளவு என்று மேசை மேலேயே நிறையத் தெரிந்துகொள்ளலாம். பல குழாய்கள் அந்த மேசையைத் தாண்டுவதில்லை. தாண்டவும் கூடாது.

ஆனால் பொம்மை அழாது. பால் குடித்துவிட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்காது (வாய் திறந்தால் பாதி அழுத்தம் அந்த வழியாகவே போய்விடும்). பொம்மைக்குச் சளி கட்டாது, வயிறு உப்பாது, நடுராத்திரி மூச்சு விட மறக்காது. முக்கியமாக, பொம்மைக்குத் தோல் சிவக்காது. ஒரு நர்ஸ் எட்டுக் குழந்தைகளைப் பார்க்கும் ஷிஃப்டில் அந்தக் குழாய் எத்தனை முறை நழுவும் என்பதையும் பொம்மை சொல்லாது. எங்கள் ஊர் வார்டுகளுக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் மிக முக்கியம் என்பது என் எண்ணம். வெளிநாட்டில் ஒரு குழந்தைக்கு ஒரு நர்ஸ் வைத்துப் பார்த்த முடிவை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் மேசைக்கு அடுத்த படியாக, ஓரளவு தேறிய குழந்தைகளிடம் கொஞ்ச நேரம் ஒரு குழாய், கொஞ்ச நேரம் இன்னொன்று என்று மாற்றி வைத்துப் பார்ப்பது உண்டு. ஒரே குழந்தை என்பதால் ஒப்பிடுவது சுலபம். ஆனால் இரண்டு மணி நேரத்தில் புண் வராது, களைப்பும் தெரியாது. அதையெல்லாம் அறிய, பிறந்ததிலிருந்தே ஒரு குழுவுக்கு இது, மறு குழுவுக்கு அது என்று பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. உங்கள் மகள் சேர்ந்தது இந்தக் கடைசிப் படியில்.

இங்கே "தோற்றுப்போவது" என்றால் என்ன என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுவார்கள். ஆக்சிஜன் தேவை இத்தனை சதவீதத்தைத் தாண்டினால், ரத்தத்தில் கரியமில வாயு இத்தனைக்கு மேல் ஏறினால், மூச்சு நிற்பது இத்தனை முறைக்கு மேல் போனால், உடனே மாற்று என்று. ஆய்வு கெட்டுவிடுமே என்று யாரும் காத்திருக்கக் கூடாது. உங்கள் மகளை மறுநாள் மதியம் மாற்றியது இந்த விதிப்படிதான் இருக்கும். அவளுடைய கணக்கு "புதுக் குழாய் போதவில்லை" என்ற பக்கத்தில் ஏறியிருக்கும். அது அவளுடைய தோல்வி இல்லை, குழாயின் தோல்வி.

இதே மாதிரி நடந்த பெரிய ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். 2016-ல் வெளியான ஹிப்ஸ்டர் ஆய்வு, ஆஸ்திரேலியாவிலும் நார்வேயிலும் நடந்தது. மூக்கில் தளர்வாக வைத்து வேகமாகக் காற்று அனுப்பும் ஹை ஃப்ளோ முறை, சி-பேப்புக்கு ஈடாகுமா என்பது கேள்வி. ஹை ஃப்ளோ மூக்கைப் புண்ணாக்குவது குறைவு, நர்ஸ்களுக்குப் பிடிக்கும், பெற்றோருக்கும் குழந்தையின் முகம் தெரியும். எல்லோரும் அது ஜெயிக்க வேண்டும் என்றே ஆசைப்பட்டிருப்பார்கள். 564 குழந்தைகள் சேர்ந்த நிலையில், தனியாக இருந்து கணக்கைக் கண்காணித்த குழு ஆய்வை நிறுத்தச் சொன்னது. ஹை ஃப்ளோவில் 25.5 சதவீதம் பேருக்கு அது போதவில்லை, சி-பேப்பில் அது 13.3 சதவீதம்தான். ஆனால் போதாத குழந்தைகளை உடனே சி-பேப்புக்கு மாற்றினார்கள். கடைசியில் தொண்டைக்குழாய் போட வேண்டிவந்த குழந்தைகளின் எண்ணிக்கையில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் வீட்டில் நடந்ததும் இதுதானே? புதியது போதவில்லை, பழையதற்கு மாற்றினார்கள், தொண்டைக்குழாய் இல்லாமலே தேறினாள்.

சரி, கம்ப்யூட்டர் எதற்கு? டாக்டர்களை நம்ப முடியாது என்பதால். சிரிக்காதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தேர்ந்தெடுக்கும் வேலையை என்னிடம் விட்டால், ரொம்பச் சோர்ந்த குழந்தைக்குக் கை பழகிய பழைய குழாயை வைப்பேன். கொஞ்சம் தெம்பான குழந்தைக்குப் புதியதை வைப்பேன். கடைசியில் புதியது பிரமாதம் என்று கணக்கு வரும், ஏனென்றால் தேறக்கூடிய குழந்தைகளையெல்லாம் அதில் சேர்த்தவள் நான். கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்தெடுத்தால் அந்தத் திருட்டுத்தனம் நடக்காது. இரண்டில் எது மேல் என்று உண்மையிலேயே தெரியாதபோதுதான் குலுக்கலாம். தெரிந்துவிட்டால் குலுக்குவது பாவம். ஹிப்ஸ்டரைப் பாதியில் நிறுத்தியதும் அதனால்தான்.

குலுக்காமல், நல்ல மனசை மட்டும் நம்பியதால் என்ன ஆனது என்பதற்கு எங்கள் துறையில் ஒரு பெரிய தழும்பு உண்டு. 1940-களில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்தார்கள். உயிர்க்காற்றுதானே, கூடினால் என்ன கெட்டுவிடும் என்று. யாரும் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை, ஏனென்றால் அது சோதனை இல்லை, சிகிச்சை. உலகம் முழுக்கச் சுமார் பத்தாயிரம் குழந்தைகள் பார்வை இழந்தார்கள். 1951-ல் மெல்போர்னில் கேட் கேம்பெல் என்ற குழந்தை மருத்துவர், ஆக்சிஜன் குறைவாகக் கொடுத்த இடத்தில் பார்வை இழப்பும் குறைவாக இருப்பதைக் கவனித்து எழுதினார். பிறகு 1953-54-ல் அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து குலுக்கல் முறையில் ஆய்வு நடத்தித்தான் அது உறுதியானது. எலி என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால், கணக்கு எழுதாமல் ஆக்சிஜன் கொடுக்கப்பட்ட அந்தப் பத்தாயிரம் பேரைச் சொல்லலாம்.

எனக்கும் ஒரு தழும்பு இருக்கிறது. நான் மேற்படிப்பு படித்த காலத்தில் எங்களிடம் சி-பேப் மெஷின் கிடையாது. ஆக்சிஜன் குழாயை வெட்டி மூக்குக்கு வைத்து, மறுமுனையைத் தண்ணீர் நிரப்பிய சலைன் பாட்டிலில் முக்குவோம். ஆழம் தெரிய பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டிக் கோடு போட்டிருப்போம். ஒரு விடியற்காலை பார்த்தால் பிளாஸ்திரி நழுவிக் கீழே கிடந்தது. ராத்திரி முழுக்க அந்தக் குழந்தைக்கு எத்தனை செ.மீ. அழுத்தம் போனது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் குழந்தை பிழைத்தது. ஆனால் அழுத்தம் விளையாட்டில்லை. 2008-ல் வெளியான காயின் ஆய்வில் 8 செ.மீ. அழுத்தத்தில் சி-பேப் தொடங்கிய குழந்தைகளில் 9 சதவீதம் பேருக்கு நுரையீரலிலிருந்து காற்று வெளியே கசிந்து நெஞ்சில் தேங்கியது. நேரடியாகத் தொண்டைக்குழாய் போட்ட குழுவில் அது 3 சதவீதம். எங்கள் சலைன் பாட்டிலும் ஒரு சோதனைதான், தம்பி. நோட்டுப் புத்தகம் இல்லாத சோதனை.

இனி அந்த ராத்திரிக்கு வருகிறேன். மனைவி மயக்கத்தில், நீங்கள் சாப்பிட்டிருந்தீர்களோ என்னவோ, எதிரே வெள்ளை கோட்டு. அந்த நேரத்தில் நீட்டிய தாளை எந்த அப்பா நிதானமாகப் படிப்பார்? இதில் எனக்கு எங்கள் ஆட்கள் மேல் வருத்தம் உண்டு. குறைப்பிரசவம் ஆகலாம் என்று தெரிந்து தாயை அட்மிட் செய்யும்போதே இதைப் பேசியிருக்கலாம். பல பேருக்கு ஒன்றிரண்டு நாள் அவகாசம் இருக்கும். அவசரம் என்றால்கூட, மனைவி கண் விழித்த பிறகு அவருக்கும் உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். உங்கள் மனைவி பேசாமல் இருப்பதற்குக் காரணம் கோபமாக இல்லாமலும் இருக்கலாம். தன் பிள்ளை விஷயத்தில் தன்னை யாரும் கேட்கவில்லை என்பதாக இருக்கலாம். இது என் ஊகம்தான். நேராகக் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் குறை பெரிய இடங்களிலும் உண்டு. அமெரிக்காவில் 1,316 குழந்தைகளைச் சேர்த்து நடந்த சப்போர்ட் என்ற ஆய்வு, சி-பேப்பைப் பற்றியும் ஆக்சிஜன் அளவைப் பற்றியும் முக்கியமான உண்மைகளைக் கொண்டுவந்தது. அப்படியும் 2013-ல், பெற்றோரிடம் வாங்கிய சம்மதப் படிவத்தில் ஆபத்துகளைப் போதுமான அளவு சொல்லவில்லை என்று அந்த நாட்டு அரசின் கண்காணிப்பு அலுவலகம் கண்டித்தது. பெரிய சர்ச்சை ஆனது. ஆய்வு நல்லதாக இருந்தாலும், கேட்ட விதம் தப்பாக இருக்கலாம்.

உங்களிடம் ஒரு தகவல் தாளும் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலும் இருக்க வேண்டும். இல்லை என்றால் போய்க் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அதில் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் இருக்கும். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வு பதிவாகியிருந்தால் அந்த எண்ணும் இருக்கும், இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் சிகிச்சையில் குறை வராது என்ற வரியும் இருக்கும். மூக்குப் புண்ணை ஆய்வுக் குறிப்பில் எழுதினார்களா என்றும் கேளுங்கள். எழுதாமல் விட்டிருந்தால் அது சின்ன விஷயம் இல்லை, அந்த ஆய்வே புண்ணைப் பற்றியதுதானே. முடிவு வந்ததும் எங்களுக்கும் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். பெரும்பாலான பெற்றோர் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை.

சளி விஷயம். 31 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் ஒன்றிரண்டு வருஷம் சளி, மூச்சிரைப்பு சற்று அதிகம் வருவது உண்டு. அதற்குக் காரணம் முன்கூட்டிப் பிறந்ததுதான், ஒரு நாள் மூக்கில் இருந்த குழாய் இல்லை. வெறும் மூக்கொழுகலுக்குப் பயப்பட வேண்டாம். இந்த வயதில், அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காமல் கொண்டுபோங்கள். வீட்டில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்க வேண்டாம். விறகடுப்புப் பக்கம் குழந்தையைக் கொண்டுபோக வேண்டாம். மாமியாருக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டுமென்றால் இதைக் காவல் காக்கும் வேலையைக் கொடுங்கள். அக்கறை உள்ளவர், நன்றாகவே செய்வார்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. கண் பரிசோதனையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். மேலே சொன்னேனே, ஆக்சிஜனும் பார்வையும், அதே நோய்க்காகத்தான். 34-ம் நாள்தான் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், அதனால் வார்டிலேயே பார்த்திருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதித்ததாகவும், மறுபடி எப்போது வர வேண்டும் என்றும் எழுதியிருக்கும். எழுதியில்லை என்றாலோ, மறுபடி வரச் சொல்லி நீங்கள் போகவில்லை என்றாலோ, லாரிக்கு ஒரு நாள் லீவு போடுங்கள். மதுரையில் குழந்தைகளின் விழித்திரை பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நான்கு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லட்டும்.